ரோட்டுப் பொத்தான், மலைக் கியர்

அக்கா இடது ஆள்காட்டி விரலால் பொத்தானை அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை அமுக்கினாள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், பொன்வண்டு சிறகை அசைத்த மாதிரி ஒரு சத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சைக்கிள் நின்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தம்பி, இது நம்ம சொல்றத கேக்க மாட்டேங்குதுடா."

கீழ்ப்பிரிவிலிருந்து மேல்பிரிவுக்கு ஏறும் ரோட்டின் முதல் பெரிய வளைவு அது. ரப்பர் மரங்கள் முடிந்து தேயிலை ஆரம்பிக்கும் இடம். இரவு பெய்த மழை இன்னும் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் முதுகுப்பையில் பால்மா, சத்துமா, சவர்க்காரக் கட்டிகள். கழுத்தில் நாடாவில் தொங்கியது ஒரு சாவி.

அவளுக்குக் கொஞ்சம் பின்னால், அப்பா விட்டுப்போன கறுப்புச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்கியபடி நான் வந்துகொண்டிருந்தேன்.

மேலே மூடுபனிக்குள் கைக்குழந்தைகளோடு பெண்கள் காத்திருந்தார்கள். அந்தச் சாவி போய்ச் சேர்ந்தால்தான் அவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போக முடியும். முதல் நாளே பிந்திப் போனால் அந்தச் சாவி அக்காவின் கழுத்தில் நிலைக்காது.

அக்காவின் பெயர் சாந்தி. இந்தத் தொடரில் அங்கங்கே ஓரிரு வரியில் வந்துபோயிருக்கிறாள். இந்த வாரம் முழுக்க அவள்தான்.

புள்ளக்காம்பரா

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் புள்ளக்காம்பரா என்று பெயர். இப்போது வாசலில் வேறு பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறார்கள். பலகையை யாரும் வாசிப்பதில்லை. உள்ளே வரிசையாகத் தொட்டில்கள், பால் வாசனை, காயாத துணிகளின் வாசனை, ஒரு ஆயம்மா.

நிவித்திகல பக்கம் எங்கள் தோட்டம். கீழ்ப்பிரிவில் ரப்பரும் கொஞ்சம் தேயிலையும். மேல்பிரிவில் தேயிலை மட்டும். இரண்டுக்கும் நடுவில் ஏறிக்கொண்டே போகும் மூன்று கட்டை ரோட்டு. கட்டை என்றால் மைல்.

மேல்பிரிவு ஆயம்மா வயதாகி நின்றுவிட்டார். புதிதாக யாரையும் போடவில்லை. புள்ளக்காம்பராவைப் பூட்டிவிட்டார்கள். "கீழ கொண்டாந்து விடுங்க" என்று தாய்மாருக்குச் சொல்லப்பட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று கட்டை இறங்கி, மறுபடி மூன்று கட்டை ஏறினால், காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்திருக்கும். பிந்தியவர்களுக்கு அரைப்பேர்தான் விழும். அதாவது பாதி நாள் சம்பளம்.

அதனால் அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், மூத்த பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் தம்பியையோ தங்கச்சியையோ பார்த்துக்கொள்ள வீட்டில் விட்டார்கள்.

அக்கா கீழ்ப்பிரிவில் உதவி ஆயம்மா. மேலேயிருந்து செல்வி என்ற அவளுடைய சிநேகிதி ஒருநாள் வந்து சொன்னாளாம்: "எங்க லயத்து வீடுங்கள்ல பகல்ல போயி பாரு. வெள்ள சட்ட போட்டு பள்ளிக்கூடம் போக வேண்டியதெல்லாம் இடுப்புல புள்ளய வச்சிக்கிட்டு நிக்குது."

அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அவளும் அப்படி நின்றவள்தான். அவள் இடுப்பில் இருந்த பிள்ளை நான்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பரீட்சை பாஸ் பண்ணி, தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய், இலத்திரனியல், அதாவது எலெக்ட்ரோனிக்ஸ், படித்தவன் என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லும் பிள்ளை அந்த இடுப்பிலிருந்து இறங்கி வந்ததுதான். நான் நடக்கத் தொடங்கிய பிறகும் அக்கா பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. அதைப் பற்றி அவள் பேசியதும் இல்லை.

அவள் போய் வெல்பெயார் ஐயாவிடம் கேட்டாள். தோட்டத்து நலன்களைப் பார்க்கும் உத்தியோகத்தர் அவர். நல்ல மனுசன், ஆனால் சட்டென்று எதற்கும் தலையாட்ட மாட்டார்.

"மேல தொறங்க ஐயா. நான் பாக்குறேன்."

"நீ இருக்கிறது கீழ. பால்மா ஸ்டோர் தொறக்கிறது வெளிச்சம் வந்த பொறகு. அத வாங்கிக்கிட்டு நடந்து போயி சேர்றதுக்குள்ள பெரட்டு கலஞ்சிடுமே, சாந்தி?"

"சைக்கிள்ல போறேன் ஐயா."

அவர் சிரித்தாராம். கேலிச் சிரிப்பு இல்லை. எங்கள் தோட்டத்தில் மேல்பிரிவு ரோட்டில் சைக்கிளில் ஏறியவர்கள் யாரும் கிடையாது. எல்லோரும் தள்ளிக்கொண்டு ஏறி, மிதிக்காமல் இறங்குவார்கள். சைக்கிள் என்றால் அதுதான்.

"சரி, ஒரு கெழம பாப்போம். ஒருநாள் பிந்துனாலும் கீழேயே இருந்துக்க" என்றார்.

அன்று பின்னேரம் அக்கா எனக்குப் போன் பண்ணினாள். "தம்பி, ஏத்தத்துல ஏறுற சைக்கிள் ஒன்னு இருக்காமே? ஒன் வேலத்தலத்துல?"

கட்டைவிரல்

என் வேலை சைக்கிள் திருத்துவது. கித்துல்கல பக்கம், வெளிநாட்டு விருந்தாளிகளைச் சைக்கிளில் கூட்டிப்போகும் ஒரு சின்னக் கம்பனியில் இருக்கிறேன். அம்மா எல்லோரிடமும் "கம்பியூட்டர் வேல" என்கிறார். சைக்கிளுக்குள் கம்பியூட்டர் வந்துவிட்டதால் அது முழுப் பொய்யும் இல்லை.

ஏற்றத்தில் ஏறும் சைக்கிளுக்குப் பின்சக்கரத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிய பல்சக்கரம் வேண்டும். சங்கிலி அதில் ஏறிவிட்டால் வேகம் இருக்காது, ஆனால் கால் நோகாமல் சுவரிலும் ஏறலாம். அந்த மாதிரிச் சைக்கிளில் கியர் மாற்றும் நெம்பு வலது கைப்பிடிக்குக் கீழே இருக்கும். கட்டைவிரலால் தள்ள வேண்டும்.

அக்காவுக்கு வலது கையில் கட்டைவிரல் இல்லை.

ரப்பர் பாலைத் தகடாக உருட்டும் இயந்திரத்தில் போனது. அப்போது நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையைக் கட்டிப் படுத்திருந்தவள் என்னைப் பார்த்ததும், "பேனா புடிக்கிற கை ஒன்னோடதுதானே, எனக்கென்னாத்துக்கு?" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவள் கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த மற்ற நான்கு விரலால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

கைப்பிடியை முறுக்கிக் கியர் மாற்றும் வகையை முதலில் போட்டுப் பார்த்தேன். கட்டைவிரல் இல்லாமல் பிடி வழுக்கியது. மழையில் நனைந்த கையோடு கேட்கவே வேண்டாம். இடது பக்கம் நெம்பு வைக்கலாமா என்றால், அவளுக்கு முழுப் பிடி இருப்பது இடது கையில் மட்டும்தான். கல்லும் பள்ளமுமான ரோட்டில் அந்தப் பிடியைத் தளர்த்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விரல் நுனி பட்டால் போதும் என்ற மாதிரி ஏதாவது வேண்டும்.

ஒரே வீட்டுப் பிள்ளைகள்

அப்படி ஒன்று இருந்தது. ஆனால் அது வேறு சாதிச் சைக்கிளுடையது.

தார் ரோட்டில் பறக்கிற ஓட்டச் சைக்கிள்களுக்குக் கம்பியில்லாத கியர் வந்திருக்கிறது. கேபிள் கிடையாது. ஹேண்டிலில் எங்கு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ள ஒரு சோடி குட்டிப் பொத்தான்கள், நெல்லிக்காய் பாதி அளவு. உள்ளே காசு மாதிரிச் சின்ன பேட்டரி. விரலை வைத்தால் காற்றிலேயே சேதி போய், பின்னாலிருக்கும் கியர் சங்கிலியைத் தள்ளும். ஒரு விருந்தாளி அவற்றைப் பிடிக்கவில்லை என்று கழற்றி எங்கள் பட்டறைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

இன்னொருவருடைய மலைச் சைக்கிள் சட்டகம் பாறையில் அடிபட்டு வெடித்துப்போனது. சட்டகம் குப்பைக்கு. பின்சக்கரமும் பல்சக்கரமும் மின்சாரப் பின்கியரும் நல்லபடி இருந்தன. "உனக்குப் பிரயோசனப்பட்டால் வைத்துக்கொள்" என்று என் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார்.

பொத்தான் ரோட்டுச் சைக்கிளுடையது. கியர் மலைச் சைக்கிளுடையது. இரண்டையும் செய்தது ஒரே கம்பனி.

பட்டறையில் என்னோடு வேலை செய்பவர் கலவானையைச் சேர்ந்த நுவன். எனக்கு மூத்தவர், சிங்களத்தில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நான் அயியே என்பேன், தம்பியைக் கூப்பிடுவதுபோல் அவர் மல்லி என்பார். என் யோசனையைச் சொன்னதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"பைத்தியமா மல்லி? ரோட்டு சாமான் ரோட்டுக்கு, கந்த சாமான் கந்தக்கு, மலைக்கு. ரெண்டும் சேராது."

"ரெண்டும் ஒரே வீட்டுப் புள்ளைங்கதானே அயியே. பேசிப் பாக்கட்டுமே."

"ஒரே வீட்டு புள்ளைங்கதான் பேசாம இருக்கும். எங்க வீட்டுக்கு வந்து பாரு."

பின்கியரில் ஒரு சின்னக் குமிழ் உண்டு, பக்கத்தில் ஒரு விளக்கு. அந்தக் குமிழை அழுத்திப் பிடித்தால் விளக்கு மெதுவாகக் கண் சிமிட்டத் தொடங்கும். 'யாரோடு சேரட்டும்?' என்று அது கேட்பதாக அர்த்தம். அந்த நேரத்துக்குள் இரண்டு பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து, கடைசியில் குமிழை மறுபடி ஒருதடவை தொட்டால், மூன்றும் ஒரு குடும்பம். பிறகு வேறு யார் பேச்சையும் கேட்காது.

செய்தோம். வலது பொத்தானைத் தொட்டேன். பின்கியர் அசைந்தது. இடதைத் தொட்டேன். திரும்பி வந்தது. நுவன் அயியே வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு தானும் ஒருதடவை தொட்டுப் பார்த்தார்.

"ஹரி! அடோ, ஹரிடா!" சரியாகிவிட்டது என்கிறார்.

சட்டகம், ஜப்பானிலிருந்து கொள்கலனில் வந்து இறங்கிய பழைய ஹார்ட்டெயில். முன்பக்கம் மட்டும் குலுக்கலைத் தாங்கும், பின்பக்கம் இறுக்கமாக இருக்கும். ஏற்றத்துக்கு அதுதான் நல்லது, மிதிக்கிற பலம் வீணாகாது.

ஒரு விஷயத்தில் மட்டும் சறுக்கினேன். பட்டறையில் ரோட்டுச் சைக்கிளின் புதுச் சங்கிலி ஒன்று கிடந்தது. பொத்தான் சேர்ந்ததே, சங்கிலியும் சேரும் என்று மாட்டினேன். நாலு மிதியில் கடகடவென்று பல்லிலிருந்து வழுக்கியது. உற்றுப் பார்த்தால் அதன் உருளைகள் கொஞ்சம் தடித்தவை, மலைப் பல்சக்கரத்தில் உட்காரவே இல்லை. மலைச் சங்கிலி வாங்கி மாட்டிய பிறகுதான் சத்தம் அடங்கியது. காற்றில் பேசுகிறவை விட்டுக்கொடுத்துப் போகின்றன. பல்லோடு பல் பட்டு வேலை செய்கிறவை அப்படி இல்லை.

கால் தானாக இறங்கியது

ஒரு கிழமை லீவு போட்டு, பஸ்ஸின் பின்கதவோடு கட்டிச் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். லயத்து வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பக்கத்து வீட்டு முருகேசு மாமா குனிந்து பின்கியர் பேட்டரியைப் பார்த்தார்.

"என்னா சாந்தி, சைக்கிளுக்கு கரண்டு பில்லு வருமா?"

"வராது மாமா."

"மோட்டர் இருக்கா?"

"இல்ல மாமா," என்றேன் நான். "பேட்டரி கியர் மாத்த மட்டுந்தான். மிதிக்கிறது நாமதான்."

அவர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். "படிச்ச புள்ள செஞ்சிருக்கிற வேலய பாத்தீங்களா? கரண்டு வேண்டியது மிதிக்கிறதுக்குத்தானே! விரல ஆட்டுறதுக்கு யாருக்கு வலிக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வலது கையை ஹேண்டிலில் வைத்து, கட்டைவிரல் இல்லாத அந்தக் கையின் ஆள்காட்டி விரலால் பொத்தானைத் தொட்டாள். பின்கியர் அசைந்தது. முருகேசு மாமா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு சைக்கிளின் இருக்கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

"எடது ஏத்தம், வலது எறக்கம்" என்று அக்கா மனப்பாடம் பண்ணிக்கொண்டாள்.

சனிக்கிழமை பழகப் போனோம். சமதரையில் நன்றாக ஓட்டினாள். ஏற்றம் தொடங்கியதும் இறங்கித் தள்ள ஆரம்பித்தாள்.

"அக்கா! ஏன் எறங்குற? இதுக்குத்தானே இவ்வளவும் செஞ்சது!"

"நான் எங்கடா எறங்குனேன். காலு தானா எறங்குது."

மறுபடி ஏறினாள், மறுபடி இறங்கினாள். அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. இந்தத் தோட்டத்தில் ஏற்றத்தைக் கண்டதும் இறங்குவது காலில் ஊறிய பழக்கம். அப்பாவும் அங்கேதான் இறங்குவார். நானும் அப்படித்தான்.

கடைசியில் நான் ஒரு யோசனை சொன்னேன். ஏற்றம் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே இடது பொத்தானை அமுக்கிவிடு. சமதரையிலேயே கால் காற்றில் சுற்றுகிற மாதிரி ஆகும். அப்படியே போ. ஏற்றம் எங்கே தொடங்கியது என்று காலுக்குத் தெரியவே வேண்டாம்.

முதல் வளைவைத் தாண்டினாள். பிறகு இரண்டாவது. திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினாள்: "தம்பி! எறங்கல டா! எறங்கவே இல்ல!"

ஞாயிறு பின்னேரம் மேல்பிரிவு வரைக்கும் போய்த் திரும்பினோம். இறக்கத்தில் பறந்து வந்தவள், சங்கிலி கடைசிச் சின்னப் பல்சக்கரத்தில் இருந்தபடியே வாசலில் வந்து நின்றாள்.

ரோதமுனிக்கு முன்னால்

திங்கட்கிழமை காலையில் அம்மா எங்களுக்கு முன்னால் எழுந்து குளித்திருந்தார். கையில் தாம்பாளம். எலுமிச்சம்பழம், கற்பூரம், சந்தனம், குங்குமம்.

எங்கள் ஃபக்டரிக்குப் பக்கத்தில் ரோதமுனி இருக்கிறார். இயந்திரச் சக்கரங்களைக் காக்கிற சாமி. ரோதை என்றால் சக்கரம். ஒரு கல், அதற்கு மேல் தகரம், ஒரு சூலம். லொறி வாங்கினாலும், தையல் மெஷின் வாங்கினாலும், முதலில் அவர் முன்னால் நிறுத்தாமல் எங்கள் ஆட்கள் ஓட்டுவதில்லை. விரல் போன பிறகு அக்காவையும் அம்மா அவர் முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்தினார். ஏசுவதற்காக. "ஒன் கண்ணு எங்க போச்சு அன்னைக்கு?" என்று கல்லைப் பார்த்துக் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதனால் அந்தக் காலையில் அம்மாவின் முகத்தில் பக்தியைவிட வேறு ஏதோ இருந்தது. விட்டுப்போன பேச்சை மறுபடி தொடங்குகிறவர் முகம்.

ஸ்டோர் திறக்கும் சத்தம் கேட்டது. பால்மா வாங்க நான் ஓடினேன். அம்மாவும் அக்காவும் சாமிக்கு முன்னால் நின்றார்கள். நான் திரும்பி வரும்போது பூசை முடிந்து, சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. அக்கா பையை மாட்டிக்கொண்டாள். நேரமாகிவிட்டது என்று இருவரும் கிளம்பினோம். வளைவுக்குக் கொஞ்சம் முன்வரை ரோட்டு சமதரை, கொஞ்சம் கடினமாக இருந்தாலும் நேற்று விட்ட கியரிலேயே வந்துவிட்டாள்.

மீண்டும் அந்த வளைவு

இப்போது முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறேன்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் குனிந்தேன். பின்கியரின் குமிழைத் தொட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. பேட்டரி இருக்கிறது. ஹேண்டில் பொத்தானைத் தொட்டேன். அதன் குட்டி விளக்கும் எரிந்தது. அதற்கும் உயிர் இருக்கிறது. இரண்டும் உயிரோடு இருந்தும் ஒன்றை ஒன்று தெரியாத மாதிரி இருந்தன. 

"நான் தள்ளிக்கிட்டே ஓடுறேன்டா. நேரமாகுது."

"தள்ளுனா போயி சேரமாட்ட அக்கா. இரு."

அப்போதுதான் கண்டேன். குமிழைச் சுற்றியிருந்த மயிரிழை இடுக்கில் சிவப்பாக என்னவோ. விரலால் தடவினேன். குங்குமம்.

"அக்கா, இதுல யாரு பொட்டு வச்சது?"

"அம்மாதான். எங்க வைக்கிறதுன்னு சுத்தி சுத்தி பாத்தாங்க. அத தொட்டதும் வெளக்கு எரிஞ்சிச்சா, 'இங்கதான்டி இதுக்கு கண்ணு இருக்கு'ன்னு அங்கேயே வச்சிட்டாங்க."

"வச்சிட்டு?"

"வச்சிட்டு கும்பிட்டாங்க. வெரல எடுக்கல. கண்ண சிமிட்டுது, சாமி கேக்குதுன்னாங்க."

"எவ்வளவு நேரம் வெரல எடுக்காம இருந்தாங்க?"

அக்கா யோசித்தாள். "அப்பா பேரு சொன்னாங்க. ஒன் பேரு, என் பேரு. பொறகு மேல்பிரிவு புள்ளைங்க பேரெல்லாம் ஒன்னு ஒன்னா சொன்னாங்க. செல்வி மகன் பேரு தெரியலன்னு என்கிட்ட கேட்டு சொன்னாங்க."

அம்மாவின் கட்டைவிரல் அத்தனை நேரமும் அந்தக் குமிழை அழுத்திப் பிடித்திருக்கிறது. கியர் பழைய உறவையெல்லாம் விட்டுவிட்டு, புதிதாக 'யாரோடு சேரட்டும்?' என்று கேட்டிருக்கிறது. யாரும் பதில் சொல்லவில்லை. தனியாக வந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேலே எங்கேயோ பெரட்டுக்கு முதல்முறை கூப்பிடும் சத்தம் கேட்டது, சிரிப்பு நின்றது.

குமிழை அழுத்தினேன். விளக்கு சிமிட்டத் தொடங்கியது.

"வலது பொத்தான அமுக்கு. விடாத. ம்ம்... இப்ப விடு. எடது."

"இது வழுக்குதுடா, கை ஈரம்."

"சட்டையில தொடச்சிக்க. அமுக்கு. அமுக்கிக்கிட்டே இரு."

அவள் ஹேண்டிலுக்குப் பக்கத்தில், நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டபடி. ஒருவர் விரலை எடுக்கும் வரை மற்றவர் காத்திருந்தோம். கடைசியாகக் குமிழை ஒருதடவை தொட்டேன். விளக்கு நின்றது.

பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தேன். அக்கா கையால் மிதிபலகையைச் சுற்றிக்கொண்டே இடதைத் தொட்டாள். பொன்வண்டு அசைந்தது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. சங்கிலி ஒவ்வொரு பல்சக்கரமாக ஏறிச் சாப்பாட்டுத் தட்டில் போய் உட்கார்ந்தது.

"போ அக்கா."

ஏற்றத்தின் நடுவிலிருந்து கிளம்புவது லேசில்லை. இருக்கையைப் பிடித்து நாலடி ஓடினேன். பிறகு அவள் கால் சுற்றத் தொடங்கியது. கையை எடுத்துவிட்டேன். வளைவில் திரும்பும்போது அவளுடைய துப்பட்டா மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை

அந்தக் கிழமைக் கடைசியில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அம்மாவைப் பாதியில் விட்டதாகப் போய்விடும்.

வியாழன் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். "நாளைக்கு வெள்ளி. அம்மா மறுபடி பொட்டு வைப்பாங்க. வேற எடத்துல வைக்கச் சொல்லு. நடந்தத சொல்லிடேன்."

"என்னான்னு சொல்லுவேன்? நீங்க கும்பிட்டதால நின்னுபோச்சுன்னா?"

"அப்பிடி இல்ல..."

"அந்தக் கல்லுகூட அம்மா எத்தன வருசமா சரியா பேசுனதில்ல, தெரியுமா ஒனக்கு? இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்காங்க. நான் போயி கைய தட்டிவிடவா?"

வெள்ளிக்கிழமை காலை நானும் ரோதமுனிக்கு முன்னால் நின்றேன். அம்மா குங்குமத்தைத் தொட்டு, குமிழில் கட்டைவிரலை வைத்து, கண்ணை மூடினார். விளக்கு சிமிட்டத் தொடங்கியது. அம்மா பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். அக்கா கொஞ்சமும் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டு நின்றாள். எல்லாப் பெயரும் முடிந்ததும், "அம்மா, அப்பிடியே இன்னொரு தடவ சொல்லிட்டு வெரல எடுங்க" என்றாள்.

அம்மா சொல்லிவிட்டு எடுத்தார். அதற்குள் சிமிட்டும் நேரம் முடிந்து விளக்கு அணைந்திருந்தது.

"இப்ப புதுசா வைங்க. கண்ணு சிமிட்டுனதும் எடுத்திருங்க. அதுக்கப்புறம் நான் கும்பிடணும்."

அம்மா வைத்தார், சிமிட்டியதும் எடுத்தார். அக்கா வலது பொத்தானில் விரலை வைத்துக் கண்ணை மூடினாள். பிறகு இடது பொத்தானில்.

"இப்ப நீங்க ஒருதடவ தொட்டு முடிச்சி வைங்க."

அம்மா தொட்டார். விளக்கு நின்றது. அக்கா சக்கரத்தைத் தூக்கச் சொல்லி, மிதிபலகையைச் சுற்றி, இடதைத் தொட்டாள். கியர் அசைந்தது.

"ஏத்துக்கிச்சா?" என்று அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். இலத்திரனியல் படித்தவன் என்பதால் என்னைக் கேட்டார்.

"ஏத்துக்கிச்சும்மா" என்றேன்.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமைகளில் அப்படித்தான் நடக்கிறது. நுவன் அயியேயிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "அந்த கம்பனிக்காரனுக்கு இது தெரியணும் மல்லி" என்றார்.

பிறகு அந்த ஏற்றம்

திங்கட்கிழமைக்குத் திரும்பி வருகிறேன். அக்கா வளைவில் மறைந்த பிறகு நான் தனியாக நின்றேன். போய்ச் சேர்ந்தாளா, நடுவில் கியர் மறுபடி மறந்துவிட்டதா, கால் தானாக இறங்கிவிட்டதா, ஒன்றும் தெரியாது. அந்த இடத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது.

அப்பாவின் சைக்கிளை நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு ஏறத் தொடங்கினேன். செருப்பு சேற்றில் வழுக்கியது. அட்டை ஒன்று கணுக்காலில் ஏறியது, பிடுங்கி எறிந்தேன். தேயிலைக்கு நடுவே மூடுபனி மெதுவாகக் கலைந்துகொண்டிருந்தது. எந்தச் சத்தமும் இல்லை. பெண்கள் கொழுந்து மலைக்கு ஏறிவிட்டார்களா, பிள்ளையோடு பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன்.

மூன்றாவது வளைவுக்குக் கிட்டப் போகும்போது மேலேயிருந்து ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. நிறையக் கால்கள். புத்தகப் பைகள் முதுகில் அடிபடும் சத்தம்.

பனிக்குள்ளிருந்து வெள்ளைச் சட்டைகள் வந்தன. நாலைந்து பெண்பிள்ளைகள். ஒருத்திக்கு மட்டும் ஒற்றைச் சடைதான் பின்னியிருந்தது, இன்னொரு பக்கத்தை ஓடிக்கொண்டே பின்னினாள். எவள் இடுப்பிலும் பிள்ளை இல்லை.

முதலில் வந்தவள் என்னைக் கண்டு வேகத்தைக் குறைத்தாள்.

"அண்ணே, ஆயம்மா தம்பிதானே நீங்க? ஆயம்மா ஏறி வந்துட்டாங்க. நீங்க மட்டும் ஏன் தள்ளிக்கிட்டு வாறீங்க?"

"ஒங்க சைக்கிளுக்கு ஏத்தம் ஏறத் தெரியாதா அண்ணே?" என்றாள் சடை பின்னியவள்.

 பதிலுக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. கீழே பள்ளிக்கூடத்து மணி அடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். நான் சைக்கிளை ஓரமாக இழுத்து, தேயிலையோடு ஒட்டி நின்று, ரோட்டை அவர்களுக்கு விட்டேன்.